ஹோம் தியேட்டர் அறை: மெத்தை சுமந்த பேராசிரியர் முதல் நம்ம ஹால் வரை

புது வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பால் காய்ச்சுற அன்னிக்கு, சாமான் எதுவும் வராத ஹாலில் நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே கத்திப் பார்ப்பார்கள். பீரோ, கட்டில், மெத்தை, திரைச்சீலை, துணிமணி எல்லாம் வந்து இறங்கியதும் அந்தச் சத்தம் காணாமல் போய்விடும். எங்கே போச்சுன்னு யாரும் கேட்பதில்லை.

நான் அந்தக் கேள்விக்குள் போனது ஒரு நண்பரால். மாடியில் ஒரு அறையை ஹோம் தியேட்டராக்கினார். 16 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரம். புரொஜெக்டர், 100 இன்ச் திரை, 5.1 ஸ்பீக்கர் செட். செலவு சில லட்சங்கள். தரையில் பளபளவென்று டைல்ஸ், சுவரில் வெள்ளை பெயிண்ட், மேலே ஜிப்சம் பால்ஸ் சீலிங். பார்க்க ஷோரூம் மாதிரி இருந்தது.

படம் போட்டதும் மூன்று குறைகள். இரவுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாகத் தெரிந்தது. வெடிச் சத்தம் குமுறியது. எல்லாவற்றையும்விட, வசனம் புரியவில்லை. நண்பரின் அம்மா மூட்டுவலியோடு மாடி ஏறி வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, “ஒண்ணும் புரியலப்பா, நான் கீழயே டிவில பாத்துக்கறேன்” என்று இறங்கிப் போய்விட்டார். அதுக்கப்புறம் அவர் மேலே வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், வெளிச்சம் கூடின புரொஜெக்டர் ஒண்ணு, பெரிய சென்டர் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிப் போடச் சொன்னார். அதற்கு இன்னும் ஒன்றரை லட்சம்.

வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுப் பாக்கலாம்னு உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, இந்தப் புகார்களுக்கு எல்லாம் வயசு நூறுக்கு மேலே என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பழி முதலில் பொருள் மேலே விழுந்திருக்கிறது. பிறகு யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, பொருளைச் சுற்றி இருப்பதில்தான் விஷயம் இருக்கு என்று கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கதைகளின் தொகுப்புதான் இந்தப் பதிவு.

சாயத்தின் மேல் வந்த புகார்

பாரிஸில் கோபலின் என்று ஓர் அரசு நெசவுக்கூடம். சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரத் திரைகளை நெய்வதில் பேர் பெற்றது. 1824-ல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் தலைவராக வந்தார். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்புச் சாயத்தைப் பற்றியது. நீலம், ஊதா நிறத் துணிமடிப்புகளுக்கு நிழல் காட்டக் கறுப்பு நூலைப் போட்டால், அது கறுப்பாகவே தெரியலை, வெளிறிக் கிடக்கு என்றார்கள்.

ஷெவ்ரல் தங்கள் கறுப்பு நூலையும் வெளியிடங்களில் சாயம் ஏற்றிய கறுப்பு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருக்கிற நீலம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. ஒரு நிறத்தைக் கண் தனியாகப் பார்ப்பதில்லை, அண்டை நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. இதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் தடிமனான புத்தகமாகப் போட்டார். பின்னால் வந்த ஓவியர்கள் பலருக்கு அது பாடப்புத்தகம் மாதிரி ஆனது. மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்.

நண்பரின் சாம்பல் கறுப்புக்கு இங்கே பாதி பதில் இருக்கிறது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. திரையோ வெள்ளை. பக்கத்திலே பளிச்சென்று வெளிச்சம் இருந்தால்தான் அந்த இடத்தைக் கண் கறுப்பு என்று ஒப்புக்கொள்ளும். திரையைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் போடுவதுகூட இந்த ஒப்பீட்டுக்கு உதவத்தான்.

மீதிப் பாதி சுவரில் இருக்கிறது. திரையில் பட்ட வெளிச்சம் வெள்ளைச் சுவர், வெள்ளைச் சீலிங், பளபளத் தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பவும் திரைக்கே வருகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் அது பால் தெளித்த மாதிரி விழுகிறது. இன்னும் வெளிச்சமான புரொஜெக்டர் வாங்கினால் என்ன ஆகும்? திரும்பி வரும் வெளிச்சமும் அதே விகிதத்தில் கூடும். சாம்பல் சாம்பலாகவேதான் இருக்கும்.

அறையை இருட்டாக்கிப் பார்வையாளரை மேடையை நோக்கியே உட்கார வைக்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடக அரங்குகள் பலவற்றில் நிகழ்ச்சி நடக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு ஒருவரையொருவரும் பார்த்தார்கள். 1876-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னர் தன் இசை நாடகங்களுக்காகவே ஓர் அரங்கு கட்டினார். அங்கே அரங்கை இருட்டாக்கினார். வாத்தியக்காரர்களை மேடைக்குக் கீழே பள்ளத்தில் மறைத்தார். பக்கவாட்டு மாடங்களை விட்டுவிட்டு, எல்லா இருக்கையும் மேடையை நேராகப் பார்க்கும்படி விசிறி வடிவில் அமைத்தார். சினிமா பிறக்க இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் இருந்தது. ஆனால் சினிமாக் கொட்டகையின் வரைபடம் அப்போதே தயாராகிவிட்டது.

பேராசிரியரும் மெத்தைகளும்

இனி ஒலி. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதுக் கட்டடம் திறந்தார்கள். அதன் விரிவுரை அறையில் யார் என்ன பேசினாலும் யாருக்கும் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது அடங்குவதற்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் அதன் மேல் ஏறிவிடும். நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் மைக்கில் யாராவது வாழ்த்திப் பேசும்போது நடப்பது இதுதான். சுவர்களில் மாறி மாறிப் பட்டு நீளும் இந்த ஒலியைப் பாடப்புத்தகத்தில் எதிர்முழக்கம் என்பார்கள்.

பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், இயற்பியல் துறையில் இருந்த வாலஸ் கிளெமென்ட் சேபின் என்ற இளம் ஆசிரியரிடம் இந்த வேலையைக் கொடுத்தார். சேபினுக்கு அப்போது 27 வயது. முனைவர் பட்டம்கூடக் கிடையாது. அரங்க ஒலியமைப்பு என்பது அந்தக் காலத்தில் அதிர்ஷ்டம் மாதிரி. சில அரங்குகள் நன்றாக அமையும், சில அமையாது. ஏன் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

சேபின் செய்த சோதனை எளிமையானது. வேலை கடினமானது. ஊர் அடங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், அந்த அறையில் ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி காதுக்குக் கேட்காமல் போகும் வரை எவ்வளவு நேரம் என்று குறிப்பார். அளக்கும் கருவி அவருடைய காதுதான். காலி அறையில் ஏறக்குறைய ஐந்தரை நொடி வந்தது.

பக்கத்திலே சாண்டர்ஸ் தியேட்டர் என்று பல்கலைக்கழகத்தின் இன்னொரு அரங்கு. அங்கே பேச்சு நன்றாகக் கேட்கும், இருக்கைகளில் மெத்தை உண்டு. சேபினும் உதவியாளர்களும் இரவில் அந்த மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபாக் அறையில் பரப்புவார்கள். கொஞ்சம் மெத்தை போட்டு ஒரு அளவு, இன்னும் கொஞ்சம் போட்டு இன்னொரு அளவு. விடிவதற்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், காலையில் அங்கே ஆட்கள் வருவார்கள். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. எல்லா மெத்தைகளையும் போட்டபோது ஏறக்குறைய ஒரு நொடிக்கு வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அளவுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இருந்ததன் காரணம் ஒரு கட்டத்தில் அவருக்குத் தெரிந்தது. அவர் போட்டிருந்த உடுப்பு! குளிர்காலக் கோட்டு ஒலியை ஒரு மாதிரி உறிஞ்சும், மெல்லிய சட்டை வேறு மாதிரி உறிஞ்சும். அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

1898 இலையுதிர் காலத்தில் கணக்கு பிடிபட்டது. எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதம், அறையில் இருக்கும் மொத்த உறிஞ்சலுக்கு எதிர்விகிதம். மீட்டரில் சொன்னால்: நேரம் = 0.161 × கன அளவு ÷ உறிஞ்சல். அவ்வளவுதான். உறிஞ்சலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு இன்னும் அழகு. திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பாது, அதனால் திறந்த ஜன்னல்தான் முழு உறிஞ்சல். ஒரு பொருள் எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று சொன்னால் போதும். குடிபோன வீட்டில் காணாமல் போன சத்தம் எங்கே போச்சு என்ற கேள்விக்கு விடை இதுதான். உங்கள் மெத்தையும் புடவை அடுக்கும் ஒலிக்குப் பாதி திறந்த ஜன்னல்கள்.

ஃபாக் அறையில் சுவர்களில் ஃபெல்ட் துணி பொருத்திப் பேச்சுக் கேட்கும்படி ஆக்கினார்கள். பிரமாதம் இல்லை, ஆனால் பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு வந்தது. பிறகு பாஸ்டன் சிம்பொனி அரங்குக்கு சேபினைக் கூப்பிட்டார்கள். 1900 அக்டோபர் 15 அன்று திறந்த அந்த அரங்குதான் இப்படிக் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் இசை அரங்கு. உலகின் மிகச் சிறந்த அரங்குகள் என்று பட்டியல் போடும்போது இன்றைக்கும் அது வந்துவிடும். சேபின் 1919-ல் 50 வயதில் இறந்துபோனார்.

படம் பேசியபோது

1927 அக்டோபர் 6 அன்று ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானது. பேசும் படங்கள் வரிசையாக வரத் தொடங்கியதும் அமெரிக்கத் திரையரங்குகளில் ஃபாக் அறைப் பிரச்சினை திரும்ப வந்தது. அந்த அரண்மனை அரங்குகள் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்கும் கட்டியவை. இசைக்கு முழக்கம் அழகு சேர்க்கும். பேச்சை அதே முழக்கம் குழப்பிவிடும். கொஞ்ச நாளில் ஒலி உறிஞ்சும் பலகை, ஃபெல்ட், கனமான திரைச்சீலை விற்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது.

நம்ம பக்கம் 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வந்தது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் போன டூரிங் கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். மேலே கீற்று, கீழே மணல், பக்கவாட்டில் பாதிக்கு மேல் திறப்பு. சேபினின் கணக்கில் திறந்த பக்கம் முழு உறிஞ்சல். கீற்றும் மணலும் மணலில் உட்கார்ந்திருக்கும் ஜனமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முழக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஸ்பீக்கர் சுமார்தான், ஜெனரேட்டர் இரைச்சல் வேறு. ஆனாலும் வசனத்தை மனப்பாடம் பண்ணுகிற அளவுக்கு மக்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் அமைந்த ஒலியமைப்பு. நண்பரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப என் ரூமைவிடக் கீத்துக் கொட்டாய் தேவலங்கறியா?” என்று கேட்டார். வசனத்தைப் பொறுத்தவரை, ஆமாம்.

குரல் எங்கேயிருந்து வருது?

1931-ல் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர், பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு படம் பார்க்கப் போனாராம். திரையில் ஆள் ஒரு பக்கம் நடக்கிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இதைச் சரி பண்ண வழி இருக்கு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார் என்பது பலரும் சொல்லும் கதை. அந்த டிசம்பரிலேயே இரட்டை ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படைகள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. 1942-ல் ரேடார் சோதனையின்போது விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு 38 வயது.

இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் சரியாக உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து வருவது போலத் தோன்றும். ஓரமாக உட்கார்ந்தால்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டனில் இருந்த ஓர் அரங்குக்குக் கம்பி வழியாக அனுப்பிக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் மூன்று வழித்தடங்களை வைத்தார்கள். இடம், வலம், நடு. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் இருப்பது நடுவிலிருந்தே கேட்க வேண்டும் என்றால் அங்கே உண்மையிலேயே ஒரு ஸ்பீக்கர் தேவை.

ஏன் என்பதை ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அளந்து காட்டினார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சில மில்லிநொடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையையே காது நம்பும். பின்னால் வருவது கொஞ்சம் உரக்க இருந்தாலும் சரி. அதனால்தான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வசனம் முழுக்கப் பக்கத்து ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்கிறது. 1953-ல் சினிமாஸ்கோப்பில் வந்த ‘தி ரோப்’ படத்தில் திரைக்குப் பின்னால் மூன்று தடம், அரங்கைச் சுற்றி ஒரு தடம். இன்றைக்கு வீட்டில் இருக்கும் 5.1 அந்த அமைப்பின் பேரப்பிள்ளை.

நண்பரின் அறையில் சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள். குரல் முதலில் தட்டின் மேல்பலகையிலும் டைல்ஸிலும் பட்டுத்தான் காதுக்கு வரும். பெரிய ஸ்பீக்கர் வாங்கியிருந்தாலும் அதே தட்டில்தான் போயிருக்கும்.

அரங்குக்கு ஒரு மதிப்பெண்

1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தபோது டால்பி ஸ்டீரியோ பரவலானது. ஆனால் ஒலிக்கலவை அறையில் கேட்டது ஒன்று, ஊர் அரங்குகளில் கேட்டது வேறு. ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் என்ற ஒலிப்பொறியாளர் இதைக் கையில் எடுத்தார். 1983-ல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தோடு டிஎச்எக்ஸ் வந்தது. அதை இன்றும் பலர் டால்பி மாதிரி ஓர் ஒலிப்பதிவு முறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அரங்குக்கான தேர்வு. முழக்கம் இவ்வளவுதான் இருக்கலாம், ஏசி இரைச்சல் இதற்கு மேல் கூடாது, பக்கத்து அரங்கின் சத்தம் உள்ளே வரக்கூடாது, கடைசி வரிசையிலிருந்தும் திரை இந்தக் கோணத்துக்குக் குறையக்கூடாது என்று விதிகள். படத்தில் ஒன்றும் மாற்றவில்லை. அறைக்கு மதிப்பெண் போட்டார்கள்.

1990-ல் அதே யோசனை வீட்டுக் கருவிகளுக்கும் வந்தது. 1996 கடைசியில் ஜப்பானில் டிவிடி அறிமுகமானது, ஆறு தட ஒலி நம் ஹாலுக்குள் வர வழி திறந்தது. கருவிகள் வந்துவிட்டன, விதிகள் மட்டும் கடைவாசலோடு நின்றுவிட்டன.

சின்ன அறையின் தனிக் கோளாறு

பெரிய அரங்குக்கு இல்லாத ஒரு தொல்லை வீட்டு அறைக்கு உண்டு. தாழ்ந்த சுருதி ஒலிகளின் அலைநீளம் அறையின் அளவுக்கே வந்துவிடுகிறது. நண்பரின் அறை மீட்டரில் 5 × 4 × 3. நீளவாக்கில் 34 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 43, உயரத்தில் 57 ஹெர்ட்ஸ் சுருதிகளில் அலை சுவருக்குச் சுவர் நின்று ஆடும். வீணைத் தந்தி மாதிரி. சுவரோரம் குமுறும், நடு அறையில் அதே சுருதி காணாமல் போகும். சதுரமான அறையில் இரண்டு சுருதிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் இன்னும் மோசம்.

ஒலி இப்படி அறையின் சொல்படி நடப்பது ஏறக்குறைய எந்தச் சுருதி வரைக்கும் என்பதற்கு மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். இந்த அறைக்குப் போட்டுப் பார்த்தால் 160 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே சேபின் கணக்கும் எடுபடாது. 2000-களின் தொடக்கத்தில் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி, சப்வூஃபர் எத்தனை வேண்டும், எங்கே வைக்கலாம் என்று கணினியில் நூற்றுக்கணக்கான அமைப்புகளைப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு பெரியதை மூலையில் வைப்பதைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் எல்லா இருக்கைக்கும் ஒலி சமமாகப் போகும் என்று வந்தது.

ஒன்றுதான் இருக்கிறதா? அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. ஒலி எழுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸும் ரேலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்கள். அதனால் சப்வூஃபரைச் சோபா மேலே ஏற்றி வைத்து, பாட்டுப் போட்டுவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து போய்ச் சுவரோரமெல்லாம் காது வைத்துக் கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

நண்பரின் அறைக் கணக்கு

கடைசியில் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, சீலிங் சேர்த்து 94 சதுர மீட்டர். டைல்ஸும் சிமென்ட் பூச்சும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும். கதவு, கண்ணாடியையும் சேர்த்து மூன்று என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 2.8. சூத்திரத்தில் போட்டால் காலி அறையின் முழக்கம் 3.4 நொடி. இந்த அளவு அறைக்கு 0.4 நொடி இருந்தால் வசனம் தெளிவாக இருக்கும். அதற்கு 24 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வேண்டும்.

எங்கேயிருந்து வரும்? தரையில் 12 சதுர மீட்டர் தடித்த கம்பளம், ஏறக்குறைய 3.6. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை 12 சதுர மீட்டர், அது 6. சோபாவும் அதில் நாலு பேரும் சேர்ந்து 3. மரச்சட்டத்தில் நாலு அங்குல ராக்வூல் அடைத்துத் துணி போர்த்திய பலகை 10 சதுர மீட்டர், அது 9. ஏற்கெனவே இருக்கும் 2.8. கூட்டினால் 24.4. சின்ன அறையில் இந்தக் கணக்கு தோராயம்தான், ஆனால் திசை காட்டப் போதும்.

முட்டை அட்டை ஒட்டலாமே என்று பலர் கேட்பார்கள். தெர்மாகோல்? தெர்மாகோலுக்குள் காற்று ஊடுருவாது, அதனால் ஒலியையும் உறிஞ்சாது. முட்டை அட்டையும் ஓர் அங்குல ஃபோமும் கீச்சு ஒலிகளை மட்டும் கொஞ்சம் விழுங்கும், மற்றதை விட்டுவிடும். உறிஞ்சுவதற்குத் தடிமன் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதன் கால்பங்கு 85 சென்டிமீட்டர். ஓர் அங்குலம் அதை என்ன செய்துவிடும்? இன்னொன்று, இதெல்லாம் உள்ளே ஒலியைச் சீராக்கத்தான். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். அது வேற கதை.

பலகைகளை நம்ம தச்சரே செய்துகொடுத்தார். முன்சுவருக்கும் சீலிங்குக்கும் பளபளப்பு இல்லாத கரும்பழுப்பு பெயிண்ட். பலகைகளில் நாலு, இரண்டு பக்கச் சுவர்களிலும் முதல் பிரதிபலிப்பு விழும் இடத்தில். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனோம். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அது. சென்டர் ஸ்பீக்கரை உயர்த்தி, தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்துக் காது நோக்கிச் சாய்த்தோம். பின்சுவரை ஒட்டியிருந்த சோபாவை முன்னால் கொண்டுவந்தோம். 100 இன்ச் திரையின் அகலம் 2.2 மீட்டர், மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் 40 டிகிரி கோணம் கிடைக்கும். நல்ல அரங்கின் நடு வரிசை மாதிரி. மொத்தச் செலவு, கடைக்காரர் சொன்ன புது புரொஜெக்டரின் விலையில் கால்வாசி.

கறுப்பு இப்போது கறுப்பாகத்தான் இருக்கிறது. ஏசி இரைச்சல்தான் இப்போது தனியாகக் கேட்கிறது. முன்னாடி அது முழக்கத்தில் மறைந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து நண்பரின் அம்மாவைக் கூப்பிட்டு மேலே உட்கார வைத்து ஒரு பழைய குடும்பப் படம் போட்டோம். ஒலியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. இடைவேளைக்கு முன்னாடியே, “இவ எதுக்கு அவங்கிட்டப் போய் இதச் சொல்றா? அறிவு வேணாம்?” என்று கதாநாயகியோடு சண்டைக்குப் போய்விட்டார். கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

சோபாவின் இடது ஓரத்தில் மட்டும் தாழ்ந்த சுருதி இன்னும் குமுறுகிறது. இரண்டாவது சப்வூஃபர் வாங்கும் வரை நண்பர் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறார்.